கல்வெட்டைக் காட்டுங்க, அப்புறம் கதை சொல்லுங்க

பொன்னியின் செல்வன் படம் 2022, 2023-ல் இரண்டு பாகமாக வந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஆட்களுக்குச் சோழர் வரலாறு நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. தப்பில்லை. நானும் ஆபீஸுக்கு கார் ஓட்டும்போது அதைத்தான் கேட்கிறேன். ஆனால் கேட்பதில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகின்றன. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? பதில் மட்டும் சொல்கிறவரின் சாதியையும் கட்சியையும் பொறுத்து மாறும். உத்தம சோழன், பாண்டிய நாட்டு ஆட்கள், பிராமண அதிகாரிகள் என்று தொடங்கி, ராஜராஜனே செய்தான் என்பது வரை வந்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே கல்லை.

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில், அனந்தீஸ்வரர் கோயிலில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டு, அதாவது 987 வாக்கில் பொறித்தது. அது கொலை வழக்கின் தீர்ப்பு கிடையாது. அடிப்படையில் ஒரு நிலப் பத்திரம். கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் சொத்தைப் பறிமுதல் செய்யச் சொல்லி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்து சபைக்கு அரசன் ஓலை அனுப்புகிறான். அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கித் தர்மத்துக்கு எழுதி வைக்கிறார். சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற பெயர்கள் அந்தச் சந்தர்ப்பத்தில் வருகின்றன. ஏன் கொன்றார்கள், யார் சொல்லிக் கொன்றார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். உடனே 'ஆகா, பாண்டிய நாட்டு ஆள்' என்கிறார் ஒருவர். ஆனால் அதே கல்லில் பரமேஸ்வரனுக்கு இருமுடிச் சோழ பிரமாதிராஜன் என்று பட்டம் இருக்கிறதே! அதைப் பிடித்துக்கொண்டு 'சோழ அரசாங்க அதிகாரிகள்தான்' என்கிறார் இன்னொருவர். தனக்குத் தேவையான பட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கினால் எந்தக் கதையும் நிற்கும்.

தொழில்முறை வரலாற்றாசிரியர்களும் இதில் ஒத்துப்போகவில்லை. சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் எந்தக் கல்வெட்டு, எந்தச் செப்பேடு, எந்த ஆட்சியாண்டு என்று சொல்லிவிட்டுத்தான் ஊகத்துக்குப் போனார்கள். நாம் வேண்டுமானால் அந்த மூலத்துக்குத் திரும்பிப் போய் மறுக்கலாம். சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால், சோர்ஸ் கோடு கையில் இருக்கிறது. இன்று யூடியூபில் நடப்பது வெறும் டெமோ.

இதனால் பிஹெச்டி வாங்கியவர் மட்டும்தான் வரலாறு பேசணும் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதே பண்டாரத்தார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் பல வருஷம் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தமிழாசிரியர். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. புகலூர்க் கல்வெட்டில் சேர அரசர்களின் பெயரைப் படித்துக் காட்டியவர். சிந்துவெளி எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் உதவியோடு ஓர் அட்டவணைத் தொகுப்பு செய்தார். அதை 1977-ல் இந்தியத் தொல்லியல் துறையே வெளியிட்டது. 2003-ல் வந்த அவருடைய தமிழ்-பிராமி நூலை ஹார்வர்டும் க்ரியாவும் சேர்ந்து போட்டார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே குகை குகையாக ஏறி இறங்கியவரை 'அமெச்சூர்' என்று யார் ஒதுக்க முடியும்?

என் கோபத்தில் பாதி பேராசிரியர்கள் மேலும் இருக்கு. நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர், திருச்சி வட்டாரத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்கள் பெயரில் இருந்தது, வேளாளர் ஊரான அல்லூரில் அது பொதுவாக இருந்தது என்று காட்டினார். நம் ஊரில் சொத்து எப்படிச் சொத்தானது என்பதற்கே இது ஒரு சாவி. தஞ்சைப் பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்ற புருடாவைவிட (சாயங்காலம் அங்கே போய் நின்றால் 200 அடிக்கு மேற்பட்ட விமானத்தின் நிழலைக் கண்ணாலேயே பார்க்கலாம்) நூறு மடங்கு சுவாரசியம். ஆனால் அது ஆங்கிலத்தில், ஆய்விதழ் நடையில், யானை விலைப் புத்தகத்தில் கிடக்கிறது. தமிழில் பத்துப் பக்கம் எளிமையாக எழுதினால் பதவி உயர்வுக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. காலியாகக் கிடக்கிற மைதானத்தில் கத்துகிறவன் ஜெயிக்கிறான்.

ஊரில் இருக்கிற பிள்ளைக்குப் பக்கத்திலேயே கோயில் இருக்கு, ஒரு தாத்தா இருக்கார், 'போடா, சும்மா சொல்றான்' என்று தட்டிவிட. இங்கே வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு வரலாறு என்று கிடைப்பதே அந்த இருபது நிமிட வீடியோதான். எந்தச் சாதிக்காரன் துரோகி, எந்தச் சாதிக்காரன் மன்னன் என்பதைத்தான் அது முதலில் சொல்லிக்கொடுக்கிறது. ஊரையே பார்க்காத பிள்ளைக்கு ஊர்ச் சண்டை மட்டும் பார்சலில் வந்து சேர்கிறது.

பொங்கல் விழாவுக்கு டிக்கெட் போட்டு டிவி நட்சத்திரத்தை வரவழைக்கிற நம்ம தமிழ்ச் சங்கங்கள், அந்தச் செலவில் ஒரு சின்னப் பங்கை ஒதுக்கி ஒரு கல்வெட்டு ஆய்வாளரைக் கூப்பிடலாம். விமானம்கூட வேண்டாம், ஜூம் போதும். உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தைத் திரையில் போட்டு, வரி வரியாகப் படித்து, எது கல்லில் இருக்கு, எது நம்ம ஊகம் என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லட்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை நான் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். உங்கள் ஊர்ச் சங்கத்திலும் யாராவது கொடுங்கள்.