இருவர் தோளில் ஒரு பல்கலைக்கழகம்

கால்பந்து என்றதும் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே நம் மனக்கண்முன் வந்து நிற்கும். அமெரிக்க நாட்டிலோ அப்பெயரால் வழங்குவது வேறோர் ஆட்டம். முட்டை வடிவப் பந்து, தலையில் கவசம், தோளில் தடித்த திண்டு, பக்கத்திற்குப் பதினொருவர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியவும் செய்யலாம். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் ஒருவன் கைக்கே வந்து சேரும். அவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். முரட்டு ஆட்கள் தன்மேல் பாய்ந்து வருகிற இரண்டு மூன்று வினாடிகளுக்குள், பந்தை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது, அல்லது தானே ஓடுவதா என்று அவன் தீர்மானித்தாக வேண்டும். இருபது வயது மாணவனுக்கு இது சிறிய வேலையா?

இந்த ஆட்டத்திற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று தோழியர் கேட்கலாம். இதை ஆடும் கல்லூரி அணிகளுள் மிகப் புகழ்பெற்ற ஒன்று நம் திருச்சபையைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகத்தின் அணி. 1842இல் திருச்சிலுவை சபைக் குருவான எட்வர்டு சோரின் என்பவர் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்னும் ஊரருகே நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகமே அது. 'நமது அன்னை' என்பது அப்பெயரின் பொருள். அதன் தலைமைக் கட்டடத்தில் தங்க மாடம். மாடத்தின் உச்சியில் தேவமாதாவின் சுரூபம். வளாகத்திற்குள்ளேயே 1896இல் எழுப்பிய லூர்து கெபி ஒன்றும் உண்டு. நூலகச் சுவரில் 134 அடி உயரத்தில் ஆண்டவர் இரு கைகளையும் உயர்த்தியபடி நிற்கும் சித்திரம் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் 'டச் டவுன்' ஆனதைக் காட்ட நடுவரும் அவ்வாறே கைகளை உயர்த்துவார். ஆகவே ஆண்டவரே நம் அணிக்குக் கை தூக்குகிறார் என்று அங்குள்ள ரசிகர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். கேட்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர்களுடைய நம்பிக்கை எவ்வளவு உயரத்தில் ஏறி நிற்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்த நம்பிக்கை முழுவதும் இருவர் தோளில் இறங்குகிறது. ஒருவர் பயிற்சியாளர், மற்றவர் குவார்ட்டர்பேக். வென்றால் இருவருக்கும் மாலை. தோற்றால் இருவருக்கும் வசை. மற்ற பத்துப் பேரை யாரும் நினைப்பதில்லை. இது நியாயமா என்பதே நம் கேள்வி.

இந்தப் பழக்கத்திற்கு விதை ஊன்றியவர் நூட் ராக்னி எனலாம். நார்வே நாட்டில் பிறந்து, 1918 முதல் 1930 வரை பயிற்சியாளராக இருந்து, 1925இல் கத்தோலிக்கத் திருமறையில் சேர்ந்தவர். அவர் காலத்தில் அணி 105 ஆட்டங்களில் வென்றது. தோற்றவை பன்னிரண்டே, சமனானவை ஐந்து. 1931 மார்ச் 31ஆம் நாள் விமான விபத்தில் அவர் மாண்டார். அதற்குப் பின் யார் வந்தாலும், இவர் ராக்னி ஆவாரா என்றுதான் முதலில் கேட்டார்கள். இறந்தவரோடு போட்டியிட்டு யாரால் வெல்ல முடியும்?

ஜெரி ஃபவுஸ்டின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். சின்சினாட்டி நகரில் மோல்லர் என்னும் கத்தோலிக்க ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தவர் அவர். கடைசி ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை மாநிலப் பட்டம் பெற்றுத் தந்தார். நோட்டர் டேம் என்றால் அவருக்கு உயிர். கல்லூரி அணி எதையும் தலைமையேற்று நடத்திய அனுபவம் இல்லாத அந்த மனிதரை 1980ஆம் ஆண்டு இறுதியில் அந்தப் பெரிய பதவிக்கு அழைத்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவருக்கு இப்படியோர் அழைப்பா என்று நாடே வியந்தது. 1981இல் முதல் ஆட்டம் எல்.எஸ்.யு. அணியோடு, 27க்கு 9 என்று வெற்றி. உடனே நாட்டின் முதல் இடம் என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் அடுத்த ராக்னியைக் கண்டுவிட்டதாகவே மகிழ்ந்தார்கள். மறுவாரம் மிச்சிகனிடம் 25க்கு 7 என்று தோல்வி. அவ்வாண்டு முடிவில் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி.

ஐந்து ஆண்டுகள் அவர் போராடினார். 30 வெற்றி, 26 தோல்வி, ஒரு சமன். வேறொரு கல்லூரியாக இருந்தால் 'பரவாயில்லை' என்று சொல்லியிருப்பார்கள். அங்கே அது பொறுக்கப்படவில்லை. 1985இல் அவர் பதவியை விட்டு விலகினார். அவருடைய இறுதி ஆட்டத்தில் மயாமி அணி 58க்கு 7 என்று அடித்து அனுப்பியது. ஆனாலும் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி அவர் கசந்து பேசவில்லை. அங்கே தமக்குத் துயரமாய்ப் போனவை தோற்ற அந்த 26 நாட்கள் மட்டுமே என்று பிற்காலத்தில் சொல்லுவாராம். 2024 நவம்பரில் தமது 89ஆம் வயதில் காலமானார். அவர் திறமையான பயிற்சியாளர் அல்லர் என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். எனினும் ஒரே ஒரு வெற்றியைக் கண்டு அவரை மலையுச்சியில் ஏற்றியவர்கள் ரசிகர்கள். ஏற்றியவர்களே கீழே தள்ளவும் செய்தார்கள். குற்றத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பது நம் கருத்து.

இதற்கு மாறான கதை ஒன்றும் அந்த ஊரிலேயே உண்டு. 1963இல் அணி இரண்டு ஆட்டங்களில் வென்று ஏழில் தோற்றிருந்தது. அடுத்த ஆண்டு ஆரா பார்சீகியன் வந்தார். அவர் கத்தோலிக்கரும் அல்லர், அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவரும் அல்லர். ஆர்மீனிய வழியில் வந்த பிரஸ்பிட்டேரியன் சபையினர். அவரைத் துணிந்து ஏற்றுக்கொண்ட குருக்களைப் பாராட்ட வேண்டும். ஜான் ஹியூவர்ட் என்னும் கடைசியாண்டு மாணவன் பல நாள் ஓரத்து இருக்கையில் அமர்ந்தே காலம் கழித்திருந்தான். அவ்வாண்டு வசந்தகாலப் பயிற்சியில் தோளிலும் அடிபட்டது. பார்சீகியன் அவனையே நம்பினார். அணி தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் வென்றது. கடைசி ஆட்டத்தில் மட்டும் தெற்குக் கலிபோர்னியா அணியிடம், 17க்கு 0 என்று முன்னணியில் இருந்தும், 20க்கு 17 என்று தோற்றது. நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது அந்த ஆண்டு ஹியூவர்ட்டுக்கே கிடைத்தது. முந்தின ஆண்டு அவன் பெயரைச் சொல்லி நம்பிக்கை வைத்த ரசிகர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஜோ மான்டானாவும் அப்படியே. 1977 தொடக்கத்தில் மூன்றாம் இடத்துக் குவார்ட்டர்பேக். பர்டியூ அணியிடம் தோற்றுக்கொண்டிருந்த வேளையில் இறக்கிவிடப்பட்டு ஆட்டத்தை வென்றான். அவ்வாண்டு நாட்டுப் பட்டமும் கிடைத்தது. 1979 புத்தாண்டு நாளில் டல்லாஸ் நகரின் உறைபனியில் உடல் வெப்பம் தாழ்ந்து நடுங்கியவனுக்குச் சூடான கோழிச் சூப்பைக் குடிக்கக் கொடுத்து மீண்டும் மைதானத்திற்கு அனுப்பினார்கள். 34க்கு 12 என்று பின்தங்கியிருந்த அணி 35க்கு 34 என்று வென்றது! (சூப்பின் மகிமையா, மான்டானாவின் மகிமையா என்று நம் விடுதிச் சமையலறையில் விசாரிக்கலாம்.)

அந்த அணி கடைசியாக நாட்டுப் பட்டம் பெற்றது 1988இல். லூ ஹோல்ட்ஸ் பயிற்சியாளர், டோனி ரைஸ் குவார்ட்டர்பேக். அதன்பின் பட்டமே வரவில்லை என்று அங்கே ஒரு தலைமுறை முழுவதும் அங்கலாய்க்கிறது. இங்கே நம் தோழியர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1972இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதன் பெண்கள் கூடைப்பந்து அணி மஃபெட் மெக்ரா என்னும் பெண் பயிற்சியாளரின் கீழ் 2001இலும் 2018இலும் நாட்டுப் பட்டம் பெற்றது. இரண்டாவது பட்டம் உயிர்த்த ஞாயிறன்று, இறுதி வினாடியில் எறிந்த பந்தினால் கிடைத்தது. 'பட்டமே வரவில்லை' என்பவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை போலும்!

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். 2021 டிசம்பரில் மார்கஸ் ஃப்ரீமன் பயிற்சியாளரானார். முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. அங்கு அதற்கு முன் எந்தப் பயிற்சியாளருக்கும் நேராத தொடக்கம் அது. அடுத்து, 2024 செப்டம்பர் 7இல் சொந்த மைதானத்திலேயே, எவரும் பொருட்படுத்தாத வடக்கு இல்லினாய் அணியிடம் 16க்கு 14 என்று தோற்றார்கள். டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த குவார்ட்டர்பேக் ரைலி லெனர்ட் எறிந்த பந்துகளில் இரண்டை எதிரணியினர் பிடித்துவிட்டார்கள். பயிற்சியாளரை நீக்கு, பையனை உட்கார வை என்ற குரல்கள் எழுந்தன. பல்கலைக்கழகம் அசையவில்லை, ஃப்ரீமனும் லெனர்ட்டை மாற்றவில்லை. பின்னர் தொடர்ந்து 13 வெற்றிகள். இண்டியானா, ஜார்ஜியா, பென் ஸ்டேட் ஆகிய வலிய அணிகளும் வீழ்ந்தன. 2025 ஜனவரி 20இல் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒகையோ ஸ்டேட்டிடம் 34க்கு 23 என்று தோற்றாலும், செப்டம்பரில் கத்தியவர்களில் பலர் ஜனவரியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். தோல்வி கண்ட அந்த ஒரு மாலையிலேயே தீர்ப்பு எழுதியிருந்தால் அவர்களுக்கு அந்த ஜனவரி வாய்த்திருக்குமா?

2025இல் புதிய குவார்ட்டர்பேக் சி.ஜே. கார். நோட்டர் டேமின் பழைய போட்டியாளரான மிச்சிகன் அணியின் முன்னாள் பயிற்சியாளர் லாயிட் காரின் பேரன். பேரன் எதிர்முகாமிற்குச் சென்றதை நினைத்தால் புன்னகை பிறக்கிறது. முதல் ஆட்டம் மயாமியிடம் 27க்கு 24, இரண்டாவது டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 41க்கு 40. இரண்டாவதில் ஒரே ஒரு புள்ளி. டச் டவுனுக்குப் பின் கூடுதல் புள்ளிக்காக உதைக்கும்போது பந்தைப் பிடித்து நிறுத்துவதில் ஒரு தடுமாற்றம். அந்தப் புள்ளி கிடைக்கவில்லை. அது பயிற்சியாளர் தவறுமன்று, குவார்ட்டர்பேக் தவறுமன்று. அதன்பின் பத்து ஆட்டங்களிலும் வென்றும், அந்த இரு தோல்விகளால் டிசம்பரில் இறுதிச் சுற்றுக்கான பன்னிரண்டு அணிகளுள் இடம் கிடைக்கவில்லை.

இவற்றைக் காட்டிலும் நம்மைக் கவலைப்படுத்துவது வேறொன்று. 2021 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்திற்குக் கொடுத்துப் பொருள் ஈட்டலாம். ஓராண்டு ஆடாமல் காத்திருக்காமலேயே வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழி பிறந்தது. முதலாண்டு வரம்பு ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். உழைக்கிற பிள்ளைக்கு ஊதியம் வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். மற்றவர்கள் எல்லோரும் அவன் ஆட்டத்தால் பிழைக்க, அவன் மட்டும் வெறுங்கையோடு போனது அநியாயமே. ஆயினும் விலை கொடுத்து வாங்கிய பொருளிடம் மனிதர் பொறுமை காட்டுவதில்லை. 'இவ்வளவு கொடுத்தோமே' என்ற கணக்கு உள்ளே நுழைந்துவிடுகிறது. ஓரத்தில் அமர்ந்திருக்கும் பையனும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறான். 2025இல் நோட்டர் டேமிலிருந்தே ஒரு குவார்ட்டர்பேக் வேறிடம் சென்றான். அவனைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் இன்றைய ஹியூவர்ட் கடைசியாண்டு வரை அங்கே இருப்பானா?

ஏப்ரல் மாதத்தில் அந்த அணியினர் நீலம், தங்கம் என்று தமக்குள்ளேயே இரு பிரிவாகப் பிரிந்து ஓர் ஆட்டம் ஆடுவார்கள். புள்ளிக் கணக்கில் சேராத ஆட்டம். முதலில் எல்லோரும் அறிந்த பையன் ஆடுவான். கடைசிப் பகுதியில், கூட்டம் வெயிலையும் வீட்டையும் நினைத்து எழுந்துபோகத் தொடங்கும் நேரத்தில்தான், மூன்றாமவனும் நான்காமவனும் பந்தைத் தொடுவார்கள். ரசிகர்கள் அந்தக் கால்மணி நேரம் இருக்கையைவிட்டு எழாமல் இருக்கட்டும். அந்தப் பையன்களின் பெயர்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போகட்டும்.