தர்ஜினி எண்டால் உயரம் மட்டும்தானா?

"ஆறடி பத்து அங்குலம். கையை நீட்டினால் கோல்தானே!" தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிக் கதை வந்தால், கொள்ளுப்பிட்டித் தேத்தண்ணிக் கடையிலிருந்து வெள்ளவத்தைக் கலியாண வீடு வரை இதைத்தான் கேட்கிறோம். எங்களுக்கு அலுத்துப்போச்சு.

வலைப்பந்தாட்டத்தை ஒருக்கா ஒழுங்காப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்லமாட்டினம். வளையம் 10 அடி உயரத்தில். கூடைப்பந்தில் போலப் பின்னால் பலகை கிடையாது. பந்து கைக்கு வந்து 3 செக்கனுக்குள் எறிய வேணும், ஓடிக்கொண்டு போய்ப் போடவும் ஏலாது. உயரம் பந்தை வாங்க உதவும். அதுக்குப் பிறகு மணிக்கட்டும் நிதானமும்தான். அதெல்லாம் பயிற்சியில் வந்தது, பிறப்பில் வந்ததில்லை.

புன்னாலைக்கட்டுவனுக்குப் பக்கத்து ஈவினைப் பிள்ளை. 2009இல் ஆசியக் கிண்ணம். 2011 உலகக் கிண்ணத்தில் சிறந்த ஷூட்டர். பிறகு மெல்பனில் கழக ஆட்டம். 2018இல் சிங்கப்பூரை 69-50 என்று வென்று திரும்பவும் ஆசியக் கிண்ணம். அடுத்த வருஷம் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் ஆடும்போது வயது 40. பாடசாலை ரகர் மேட்சுக்கு காலி வீதியால் கொடி கட்டி, ஹோர்ன் அடிச்சுப் போகிற கொழும்பில் இந்தப் பெண்களுக்கு எத்தனை கொடி பறந்தது?

2018 வெற்றியன்று முகநூலில் ஒரு பக்கம் "எங்கட தமிழிச்சி", மறுபக்கம் "இனம் பார்க்காதீங்க, அவ இலங்கையர்". இரண்டு பகுதிக்கும் அவர் ஒரு படம், அவ்வளவுதான். அதே அணியில் ஆடிய எழிலேந்தினி சேதுகாவலரின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கு? வட்டத்துக்குள் பந்தை உயர்த்திக் கொடுத்த சிங்களப் பிள்ளைகளின் பெயர்?

அதே உயரம் வீட்டுக்குள் வந்தால் கதை வேறை. "கூனி நில் பிள்ளை, படத்தில நெடுநெடு எண்டு தெரியுது." "இந்த உயரத்துக்கு மாப்பிளை எங்க தேடுறது?" சொல்கிறவர்கள் தர்ஜினி படத்துக்கு லைக் போட்ட அதே மாமாமார், மாமிமார்தான்.

எங்களில் ஒருத்தி பாடசாலை அணியில் கோல் கீப்பர். ஓ.எல். வருஷம் அம்மா அவளின் சப்பாத்தைப் பையில் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்தார். "சோதினை முடியட்டும், எடுத்துத் தாறன்" எண்டவராம். ஏ.எல்.லும் முடிஞ்சுது, கம்பஸும் முடிஞ்சுது. போன மாதம் அவளே ஏறி எடுத்துப் பார்த்தாள். கால் கொள்ளவில்லையாம்.