விமானம் திரும்பி வரும். நிலம் திரும்பி வருமா?



புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தைப் பெரிசாக்கணும், அதுக்கு நம்ம விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில் நிலம் வேணும் என்று பல வருஷமாகவே பேசி வருகிறார்கள். "அது வானூர்க்காரன் பாடு, தொண்டூர்க்காரனுக்கு என்ன?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். பதில் சொல்கிறோம்.

முதலில் அந்த விமான நிலையத்தின் கதையைக் கேளுங்கள். 2013 ஜனவரியில் புதுக் கட்டிடம் திறந்து, பெங்களூருக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் விட்டார்கள். 2014ல் நின்றது. 2015 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் வந்தது. அந்த வருஷமே நின்றது. 2017 ஆகஸ்டில் 'உடான்' திட்டத்தில் ஐதராபாத்துக்கு ஸ்பைஸ்ஜெட் மறுபடி வந்தது. 2020ல் கொரோனாவில் நின்று, 2022 மார்ச்சில் தொடங்கி, 2024ல் திரும்பவும் நின்றது. 2024 டிசம்பர் 20ல் இண்டிகோ வந்தது.

"ஓடுபாதை 1,500 மீட்டர்தான், அதனால்தான் இந்த நிலைமை" என்கிறார்கள். பெரிய ஜெட் விமானம் இறங்க அது போதாது, உண்மைதான். ஆனா நின்ன விமானம் மறுபடி வந்து இறங்கினது அதே ஓடுபாதையில்தானே? ஓடுபாதை ஒரு அடிகூட நீளாமலே வந்துச்சே! அப்போ நோய் ஒண்ணு, மருந்து வேற இல்லையா?

சேலத்தைப் பாருங்கள். காமலாபுரம் விமான நிலையம் 1993ல் திறந்தது. விமானம் இல்லாமலே பல வருஷம் கிடந்தது. 2018 மார்ச்சில் வந்தது, 2021ல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. ஆனா 2018லேயே விரிவாக்கத்துக்கு இன்னும் சில நூறு ஏக்கர் கேட்டு விளைநிலத்தில் அளவுக்கல்லோடு வந்துவிட்டார்கள். ஓமலூர் வட்டார விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள்.

உடான் திட்டத்தில் விமானக் கம்பெனிக்கு மூணு வருஷம் நஷ்டஈடு உண்டு. செஞ்சி கமிட்டியில் மல்லாட்டை விலை விழுந்தா நமக்கு மூணு நாள் ஈடுகட்ட ஆள் உண்டா?

இப்போ தொண்டூருக்கு வருவோம். 2013 மத்திய சட்டம் நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்றது. தனியார், கூட்டுத் திட்டங்களுக்கு விவசாயியின் சம்மதமும் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் தொழில் திட்டங்களுக்கு 1997 மாநிலச் சட்டத்தில் நிலம் எடுத்தால் இந்த இரண்டும் கிடையாது! அந்தச் சட்டத்துக்கு 2019ல் உயிர் கொடுத்தார்கள். 2021ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. 2023ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டப் பகுதிக்குள் ஏரி, வாய்க்கால் இருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வழி செய்கிறது. இந்தச் சட்டங்கள் வானூருக்கு மட்டுமா? நம்ம ஏரிக்கும் இதே சட்டம்தான்! வானூரில் அரைக் காணி வைத்திருப்பவனுக்கு இன்னைக்கு நேருவது நாளைக்கு நமக்கும் நேரும். பட்டா உள்ளவனுக்காவது பணம் கிடைக்கும். குத்தகைக்காரனும் கூலிக்காரனும் எங்கே போவது?

விமானமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இருக்கிற ஓடுபாதையில் விமானத்தை நிலையாக ஓட்டிக் காட்டு, அப்புறம் நிலத்தைப் பற்றிப் பேசு என்கிறோம்.

நம் கோரிக்கைகள்:

1. சம்மதம் இல்லாமல் ஒரு சென்ட் விளைநிலமும் எடுக்காதே!

2. சமூகத் தாக்க ஆய்வைத் தமிழில் ஊர் நடுவே வை!

3. 2023 நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறு!

அடுத்த கிராமசபைக்கு வீட்டுக்கு ஒருவர் தவறாமல் வாருங்கள். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுவோம். எழுதிய பிறகே கையெழுத்துப் போடுவோம்.

வானூர் விவசாயி தனி ஆள் இல்லை! ஒன்றுபடுவோம்! மண்ணைக் காப்போம்!

இவண்,
தொண்டூர் வட்டார விவசாயிகள்