இந்த வயசுல எதுக்கு வைத்தியம்?

"இந்த வயசுல எதுக்குங்க கீமோவெல்லாம்? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்." வயதான அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புற்றுநோய் என்று தெரிந்ததும் இங்கே லண்டனில் நம் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் சம்பந்தப்பட்டவரைக் கேட்காமலே சொல்லிவிடுகிறோம்.

பரிசோதனையிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்புக் கடிதம் 71 வயதோடு நின்றுவிடும். 'இனிமே தேவையில்லை போல' என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் வயது கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாமே போன் செய்து பரிசோதனைக்கு நேரம் கேட்கலாம்.

அடுத்தது, "வயசான உடம்பு தாங்காது" என்பது. நான் ஐடி வேலையில் இருப்பவன். ஒரே ஒரு எண்ணை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யும் ப்ரோகிராமை எங்கள் டீமில் யாரும் ஓகே செய்யமாட்டார்கள். 75 வயதில் தினமும் இரண்டு மைல் நடப்பவரும் உண்டு, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குபவரும் உண்டு. நடை, நினைவாற்றல், சாப்பாடு, மற்ற மாத்திரைகள், வீட்டில் துணை என்று எல்லாவற்றையும் பார்க்கும் முதியோர் நலமதிப்பீடு இதற்காகவே இருக்கிறது. 70 வயதைக் கடந்த, முற்றிய புற்றுநோய் உள்ளவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2021-ல் லான்செட் இதழில் வெளியானது. இந்த மதிப்பீட்டைப் பார்த்துச் சிகிச்சை தந்தபோது கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் 71 சதவீதத்திலிருந்து 51 ஆகக் குறைந்தார்கள். ஆறு மாதம் உயிர் வாழ்ந்தவர்களின் அளவில் வித்தியாசம் இல்லை.

மூன்றாவது நம் பங்கு. "அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்" என்கிறோம். மொழிபெயர்க்க உட்கார்ந்து, பாதியை விழுங்கிவிடுகிறோம். என்.எச்.எஸ் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். கேட்டால் தமிழில் பேச ஆள் கிடைக்கும். முழுதாகப் புரிந்தபின் அம்மா "வேண்டாம்ப்பா" என்றால், அது அவர் உரிமை. எல்லோருக்கும் கீமோ கொடுத்தே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

நியாயமான காரணமில்லாமல் வயதைக் காட்டி மட்டும் சிகிச்சையை மறுப்பது 2012 அக்டோபர் முதல் இங்கே சட்டவிரோதம். அடுத்த அப்பாயின்ட்மென்டில் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், வயதைப் பார்த்துச் சொல்றீங்களா, உடம்பைப் பார்த்துச் சொல்றீங்களா?" வீட்டுக்கு வந்தபின் அதே கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம்.