இசைக்கு வேண்டியது இரைச்சல் அன்று

விழா என்றதும் ஆளுயர ஒலிபெருக்கிகளை வாடகைக்கு எடுத்து மேடையின் இருபுறமும் அடுக்குகிறோம். வாடகையை மாணவர்களே பங்கிட்டுக் கொள்கிறோம். பங்கு தர இயலாதவன், கீபோர்டை எவ்வளவு நன்றாக வாசித்தாலும், மேடை ஏறாமலே படிப்பை முடிக்கிறான். இது நியாயமா?

நண்பர்களே, கீபோர்டுக்கு மைக் தேவையில்லை. ஒரு வயர் மூலம் மிக்ஸரில் நேரே இணைக்கலாம். ஒலிபெருக்கியைத் தரையில் வைத்தால் கூர்மையான ஒலிகளை முன்வரிசையினரின் உடல்களே தடுத்துவிடும். ஸ்டாண்டில், தலைக்கு மேலாக நிறுத்த வேண்டும். பாடுவோரின் மைக், ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருந்தால் 'கூ' என்ற ஊளை எளிதில் எழாது. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்கிறது இயற்பியல். கடைசி வரிசையும் அருகிலேயே இருக்கும் நம் வகுப்பறை நிகழ்ச்சிகளுக்கு, ஒருவர் தூக்கிச் செல்லும் சிறு ஒலிபெருக்கியே போதும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் போன்றோர் இங்கே பலர். கல்லூரியே அத்தகைய கருவி ஒன்றை வாங்கி இயற்பியல் துறையின் பொறுப்பில் வைத்தால், காசில்லாதவன் கலையும் அவை ஏறும். எங்களுக்குச் செய்முறைப் பாடமும் ஆகும். பேராசிரியப் பெருமக்கள் ஆவன செய்வார்களாக!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்