யாரைக் கண்காணிக்க உங்கள் மென்பொருள்?

எட்டாவது செமஸ்டர் வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரே கவலை, ப்ராஜெக்ட் தலைப்பு. "லைப்ரரி மேனேஜ்மெண்ட் எல்லாரும் பண்ணிட்டாங்க, மூஞ்சியப் பாத்து அட்டெண்டன்ஸ் போடறது பண்ணலாமா?" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். நாலு பேர் காசு சேர்த்து, தலைப்பு, நிரல், அறிக்கை எல்லாவற்றையும் கடையில் வாங்கி வருகிறவர்களும் உண்டு. வைவா முடிந்த மறுநாள் அது குப்பைக்குப் போகிறது.

இதில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2012இல் ஆதிதிராவிடர் நலத்துறை போட்ட அரசாணை 92, தனியார் கல்லூரிக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. போராடிப் பெற்ற உரிமை அது. அந்த வழியில் படித்து வந்தவர்களின் கடைசி வருட உழைப்பு, கடையில் வாங்கிய ஒரு பென்டிரைவில் முடிய வேண்டுமா?

"சமூக அக்கறையா ஒரு தலைப்பு எடுங்கப்பா" என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது போதாது. அந்த மென்பொருள் யார் பக்கம் நின்று, யாரைப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும். நாக்பூர், சண்டிகர் மாநகராட்சிகள் துப்புரவுத் தொழிலாளர் கையில் ஜி.பி.எஸ். கடிகாரத்தை மாட்டின. எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்று அதிகாரிக்குத் திரையில் தெரியும். அதுவும் 'சமூகத்துக்கான' தொழில்நுட்பம் என்றே சொல்லப்பட்டது. தெருக் கூட்டுகிறவரைக் கண்காணிக்க மென்பொருள் இருக்கிறது. அவரைக் குழிக்குள் இறக்குகிற ஒப்பந்ததாரரைக் கண்காணிக்க எது இருக்கிறது?

1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி 'சோசலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்ட ஊர் ஆவடி. அதே ஆவடியில் 2024 ஆகஸ்டில், பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் விஷவாயு தாக்கிச் செத்தார். சட்டம் இல்லாமல் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளன்றே நடப்புக்கு வந்தது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014 மார்ச் 27இல் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபர் 20இல் அதை 30 லட்சமாக்கியது.

பிறகு ஏன் வழக்கு நிற்பதில்லை? சாவு விழுந்ததும் வருகிற முதல் வார்த்தை, "நாங்க இறங்கச் சொல்லல சார், அவராத்தான் இறங்கினாரு." வேலை கொடுத்ததற்குத் துண்டுச் சீட்டு இருக்காது. எல்லாம் வாய்வார்த்தை. நம் ப்ராஜெக்ட் தலைப்பு இந்த இடத்தில்தான் கிடக்கிறது.

மாணவர் ப்ராஜெக்டால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சேதி. சென்னை அய்.அய்.டி.யின் 'ஹோமோசெப்' எந்திரம், ஒரு மாணவரின் முதுகலை இறுதியாண்டு ப்ராஜெக்டாகத் தொடங்கியதுதான். செப்டிக் டேங்கில் இறுகிக் கிடப்பதைச் சுழலும் தகடுகளால் கரைத்து உறிஞ்சி எடுக்கும் எந்திரம் அது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் துணையோடு, இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் குழுவுக்கு முதல் எந்திரம் போனது. பயன்படுத்தப் போகிறவர் யார் என்று தெரிந்து செய்ததால் அது அறிக்கையோடு நின்றுவிடவில்லை.

நாம் செய்யக்கூடியது இன்னும் சின்னது. ஒரு பதிவேடு. எந்தத் தெரு, எந்த நாள், எத்தனை மணி, வேலை யாருடையது, ஒப்பந்ததாரர் யார், லாரி எண் என்ன, கயிறும் முகமூடியும் வாயு சோதிக்கும் கருவியும் இருந்தனவா? மலிவான செல்போனில், நெட் இல்லாமலும் ஓட வேண்டும். எழுதத் தெரியாதவர் தமிழில் பேசினாலே பதிவாக வேண்டும். ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: இறங்கியவன் பெயர் வேண்டாம், இறக்கியவன் பெயர் வேண்டும். தொழிலாளியின் முகமும் போன் நம்பரும் பதிவானால் மறுநாள் அவருக்கு வேலை போய்விடும். பதிவேடு தொழிற்சங்கத்தின் கையில் இருக்கட்டும்.

"இதுல டெக்னாலஜி எங்கப்பா இருக்கு?" என்று கைடு கேட்பார். இருக்கிறது அய்யா. 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ஹாஷ் மதிப்பு எழுதவே இடம் விட்டிருக்கிறார்கள். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அது மாறிவிடும். பதிவு விழுந்த நொடியிலேயே ஹாஷ் எடுத்துப் பூட்டிவைப்பது, பேச்சைத் தமிழ் எழுத்தாக்குவது, அடையாளம் தெரியாமல் மறைப்பது, மூன்றுமே கணினி அறிவியல்தான். நூலக மேலாண்மையை விடக் கடினமான கணக்கு.

செயலி எந்தச் சாவையும் தானாகத் தடுத்துவிடாது. அதற்கு எந்திரம் வேண்டும், வழக்கு வேண்டும், வீதியில் இறங்குகிற மக்கள் வேண்டும். ஆனால் "யாரும் அனுப்பல" என்கிற பொய்யை இல்லாமல் செய்யலாம். தலைப்புத் தேடும் தம்பி, தங்கச்சி, நெட்டில் தேடுவதற்கு முன்னால் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு உங்கள் தெருமுனைக்குப் போங்கள். மேன்ஹோல் மூடியைத் தூக்குகிறவரோடு ஒரு டீ குடியுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் தலைப்பை எழுதுங்கள்.