தவணையில் சேராத தொலைவு

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் இன்று சொந்த வீடு வாங்குவது நடுத்தர வருவாயினருக்கு எளிதன்று. ஆயினும், ஒரு காலத்தில் இவ்வட்டாரமே நகரின் விளிம்பாக இருந்தது. 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை ஏறத்தாழ 192 ஏக்கர் சதுப்பு நிலத்தைக் கையகப்படுத்தி ஏரி வெட்டியது. தோண்டிய மண்ணால் சுற்றியுள்ள தாழ்நிலங்களை மேடாக்கியது. அந்த ஏரியே இன்றைய ரவீந்திர சரோவர். விளிம்பு பின்னர் வெகுதொலைவு நகர்ந்துவிட்டது.

இதற்கு மக்கள்தொகைப் பெருக்கமே காரணம் என்பது பொதுவான விடை. கணக்கோ வேறு சொல்கிறது. 2001க்கும் 2011க்கும் இடையே கொல்கத்தா மாவட்டத்தின் மக்கள்தொகை 45.7 லட்சத்திலிருந்து 45 லட்சமாகக் குறைந்தது. அதே காலத்தில் புறநகர்களை உள்ளடக்கிய பெருநகரத் தொகுதி 1.32 கோடியிலிருந்து 1.41 கோடியாக வளர்ந்தது. நடுநகரம் சுருங்க, புறநகர் பெருகியது.

1947 பிரிவினைக்குப் பின் ஜாதவ்பூர்ப் பகுதியில் குடியேறிய அகதிகளை வெளியே தள்ளியது கதியின்மை. இன்றைய குடும்பங்களைத் தள்ளுவது நிலத்தின் விலை. புறவழிச் சாலையும் இரயிலும் வழிகாட்ட, வீட்டுக் கடன் கைகொடுக்கிறது. தொலைவில் உள்ள வீடு மலிவாகத் தோன்றுகிறது.

அம்மலிவை நாம் முழுமையாகக் கணக்கிடுவதில்லை. போக்குவரத்துக்கு மாதந்தோறும் கூடுதலாக 3,000 ரூபாய் செலவானால், 20 ஆண்டுகளில் வட்டியின்றியே 7,20,000 ரூபாய் ஆகிறது. நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் கூடுதலாகப் பயணத்தில் கழிந்தால், மாதம் 25 வேலைநாட்கள் எனக் கொண்டால், ஆண்டுக்கு 600 மணிநேரம், அதாவது 25 முழு நாட்கள் கரைகின்றன. இவை எந்தத் தவணை அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

பொதுச் செல்வத்தின் இழப்பும் அவ்வாறே. கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்கள் நகரின் கழிவுநீரை இயற்கையாகத் தூய்மைப்படுத்தி, மீனும் காய்கறியும் தருகின்றன. 2002இல் இவை ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டன. அவற்றின் மீது கட்டடம் எழுந்தால், அப்பணியைச் செய்யச் செயற்கை நிலையங்களுக்கு நகரமே செலவழிக்க வேண்டும்.

புறநகரில் வீடு வாங்குவது தவறென்று நாம் கூறவில்லை. வீட்டின் விலையோடு தொலைவின் விலையையும் கூட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்கிறோம். அவ்வாறு கூட்டினால், இரயில் நிலையத்தருகே உள்ள சிறிய வீடு, தொலைவிலுள்ள பெரிய வீட்டைவிடச் சிக்கனமாக அமையக்கூடும். அரசும் வங்கிகளும் அத்தகைய வீடுகளுக்கு முன்னுரிமை அளித்தால், நகரின் விளிம்பு இத்துணை விரைவாக நகராது.